31 கேள்விகளும் ஒரு கையெழுத்தும்

கேள்வி: மருதமுனையில் வாப்பா காலத்துக் கைத்தறியை நான்தான் இப்போது நடத்துகிறேன். கொட்டிலில் ஆறு தறி, ஊருக்குள் வீடுகளில் எட்டுத் தறி. சாரமும் மேசைவிரிப்பும் நெய்கிறோம். நெதர்லாந்தில் ஒருவர் மேசைவிரிப்பைத் தொடர்ந்து வாங்கச் சம்மதித்திருக்கிறார். நூல் வாங்கவும் தறி கூட்டவும் 60 இலட்சம் ரூபா கடன் கேட்டுக் கல்முனையில் ஒரு வங்கிக்குப் போனேன். வட்டி குறைந்த திட்டம் ஒன்று இருக்கிறது, ஐரோப்பிய அரசாங்கப் பணம் என்றார்கள். கூடவே ஆங்கிலத்தில் 31 கேள்வி கொண்ட படிவம் ஒன்றையும் தந்தார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் யாரும் வேலை செய்கிறார்களா, வீட்டில் நெய்பவருக்குக் கூலி எப்படி, குறை சொல்ல வழி உண்டா, காணி யாரிடமிருந்து வந்தது, சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்றெல்லாம் கேட்கிறார்கள். வீட்டுத் தறிகளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து நூல் சுற்றிக் கொடுப்பது வழமை. கொட்டிலின் பின்பக்கத் துண்டுக் காணி, 1991இல் ஊரைவிட்டுப் போன ஒரு குடும்பத்திடம் வாப்பா வாங்கியது. காக்கா சொல்கிறார், நல்ல பதிலாகப் போட்டுக் கையெழுத்து வைத்து அனுப்பு, யார் வந்து பார்க்கப் போகிறார் என்று. சாச்சாவோ, யுத்த காலத்தில் எங்களைக் கேட்காத மனித உரிமை தறிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது, அந்தக் கடனே வேண்டாம் என்கிறார். நான் என்ன செய்ய, சேர்?

பதில்:

ஸலாம், தங்கச்சி. காக்கா சொல்வதைச் செய்யாதீர்கள். சாச்சா கேட்பது நல்ல கேள்வி, ஆனால் அதற்காகக் கடனை விட வேண்டியதில்லை. மட்டக்களப்பில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் 22 வருடம் இருந்தவன் நான். இப்படிப்பட்ட படிவங்களை நிரப்பக் கொடுத்தும் இருக்கிறேன், நிரப்பி வந்ததைப் பார்த்துத் தலையில் கைவைத்தும் இருக்கிறேன்.

முதலில் இந்தப் பணம் எப்படி உங்கள் கொட்டிலுக்கு வருகிறது என்று பாருங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கு அபிவிருத்தி வங்கி என்று ஒன்று இருக்கிறது. நெதர்லாந்துக்கு எஃப்.எம்.ஓ. அதில் 51 சதவீதம் அந்த நாட்டு அரசுக்குச் சொந்தம். ஜெர்மனிக்கு டி.ஈ.ஜி., பிரான்ஸுக்கு புரோபார்கோ. இவை நேரே மருதமுனைக்கு வந்து 60 இலட்சம் கொடுக்காது. கொழும்பிலுள்ள வங்கிக்குப் பெருந்தொகையாகக் கொடுக்கும், அந்த வங்கி சிறு தொழில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். பணம் இறங்கும் அதே படிகளில் நிபந்தனையும் இறங்கும். கல்முனைக் கிளையில் உங்களிடம் படிவத்தை நீட்டிய பிள்ளைக்கு அது எங்கே தொடங்கியது என்று தெரிந்திருக்காது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

தொடங்கிய இடம் இதுதான். 2011 ஜூன் மாதம் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை, வணிகமும் மனித உரிமைகளும் பற்றிய வழிகாட்டும் கோட்பாடுகளை ஏகமனதாக ஏற்றது. ஜோன் ரகி என்ற பேராசிரியர் ஆறு வருடம் வேலை செய்து எழுதியது. அதன் நான்காம் கோட்பாடு சொல்வதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: ஓர் அரசு தன் பணத்தையோ உத்தரவாதத்தையோ காப்புறுதியையோ ஒரு வியாபாரத்துக்குக் கொடுத்தால், அந்த வியாபாரம் யாரையும் நசுக்காமல் பார்க்கும் பொறுப்பும் அந்த அரசைச் சேரும். அடுத்த வருடம் பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.ஈ.சி.டி.யும் தன் ஏற்றுமதிக் கடன் விதிகளில், அதாவது தங்கள் கம்பனிகள் வெளிநாட்டில் விற்க அரசுகள் கைகொடுக்கும் கடன்களுக்கான விதிகளில், மனித உரிமை என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. அந்த விதிகள் தவணை இரண்டு வருடமோ அதற்கு மேலோ போகும் கடன்களுக்கு. இயந்திரம், மின் நிலையம், துறைமுகம் மாதிரியான பெரிய சாமான்கள் அதில் வரும். உங்கள் மேசைவிரிப்பு அதில் வராது. உங்கள் படிவம் அபிவிருத்தி வங்கிகளின் வழியில் வந்தது. அவை பெரும்பாலும் உலக வங்கிக் குழுமத்து ஐ.எஃப்.சி.யின் எட்டுத் தராதரங்களைப் பின்பற்றுகின்றன. உங்களைத் தொடுவது அதில் இரண்டாவது, தொழிலாளர் பற்றியது. காணிக்கு ஐந்தாவது. கூடவே கடனே கொடுக்கக் கூடாத தொழில்கள் என்று ஒரு பட்டியலும் உண்டு. கட்டாய வேலை, பிள்ளைகளை வைத்து வேலை வாங்குவது எல்லாம் அதில் இருக்கும். 2.5 கிலோமீற்றருக்கு மேல் நீளமான, கடலில் மிதக்கவிட்டு மீன்பிடிக்கும் வழிவலையும் அதில் இருக்கிறது. வாழைச்சேனையில் படகுக்காரர் ஒருவருக்கு அதை வாசித்துக் காட்டியபோது அவர் சிரித்தே விட்டார். எங்கட வலையை அளக்கவும் ஆள் வைத்திருக்கிறார்களா என்றார்.

பலர் இதையும் ஜி.எஸ்.பி. பிளஸ்ஸையும் போட்டுக் குழப்புகிறார்கள். அது வேறு. ஜி.எஸ்.பி. பிளஸ் என்பது ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை அரசிடம் கேட்கும் கணக்கு. 27 சர்வதேச சமவாயங்களை நடைமுறைப்படுத்தினால் தீர்வைச் சலுகை. 2010 ஓகஸ்டில் அதை இழந்தோம், 2017 மே மாதம்தான் திரும்பக் கிடைத்தது. அங்கே பிழைவிட்டவர் ஒருவர், விலை கொடுத்தவர் இன்னொருவர். சித்திரவதைச் சமவாயத்தை மீறியது ஆடைத் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருந்த பிள்ளை இல்லையே. இந்தப் படிவம் உங்கள் கொட்டிலைப் பற்றி உங்களிடமே கேட்கிறது. பதில் உங்கள் கையில் இருக்கிறது, அந்த வகையில் இது மேல்.

இனி சாச்சாவின் கேள்வி. அவரை ஒலுவிலுக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். உங்களுக்கு எவ்வளவு தூரம்? கல்முனை, காரைதீவு, நிந்தவூர் தாண்டினால் வந்துவிடும்.

ஒலுவில் துறைமுகம், துறைமுக அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரப்பின் கனவு. அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கனவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது எந்தப் பணத்தில் கட்டப்பட்டது என்பதை நம் ஆட்கள் பலர் கவனிக்கவில்லை. டென்மார்க் அரசின் வட்டியில்லாக் கடன், சுமார் 46 மில்லியன் யூரோ. கட்டியதும் டென்மார்க் கம்பனி. அந்த நாட்டின் வெளிநாட்டு உதவியும் அந்த நாட்டுக் கம்பனிகளின் வெளிநாட்டு வியாபாரமும் ஒரே கையில் நடக்கும் கடன் வகை அது. 2008இல் வேலை தொடங்கியது, 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். கடலுக்குள் கல்லணை போட்டால் மணல் தெற்குப் பக்கம் தேங்கும், வடக்குப் பக்கத்தைக் கடல் தின்னும். அதுதான் நடந்தது. ஒலுவிலின் வடக்கே வேரோடு கடலுக்குள் சாய்ந்த தென்னைகளை நான் பார்த்தேன். ஒரு தென்னை அப்போதும் குலையோடு கிடந்தது, அலை வரும்போதெல்லாம் குரும்பைகள் ஆடின. கரைவலை இழுக்கும் இடம் போய்விட்டது. மறுபக்கம் துறைமுக வாயிலை மணல் மூடியது, யாருக்காகக் கட்டினார்களோ அந்தப் படகுகளே உள்ளே வர முடியாமல் நின்றன. கடனை இலங்கை கட்ட வேண்டும், அதாவது தென்னையை இழந்தவரும் சேர்ந்து கட்ட வேண்டும்.

யுத்த காலத்தில் கேட்காத மனித உரிமை என்று சாச்சா சொல்வதில் நியாயம் இருக்கிறது. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் விட்டதன் கணக்கு நம் கரை முழுக்க எழுதிக் கிடக்கிறது. ஆனால் அதிலிருந்து நான் எடுக்கும் முடிவு அவர் எடுப்பதற்கு நேர் எதிர். அரசாங்கப் பணத்தோடு ஒரு வெளிநாட்டுக் கம்பனி நம் ஊருக்கு வரும்போது இதே 31 கேள்வியையும், இன்னும் நூறையும், நாம் அவர்களிடம் கேட்க வேண்டும். அதற்கு நாமும் ஒரு முறை பதில் சொல்லிப் பழகியிருந்தால் நல்லது.

இந்த நிபந்தனைகளுக்குப் பல் எவ்வளவு என்றும் சொல்லிவிடுகிறேன். துருக்கியில் இலிசு என்று ஓர் அணை, தைகிரிஸ் நதிக்குக் குறுக்கே. ஜெர்மனி, ஒஸ்திரியா, சுவிற்சர்லாந்து மூன்றும் தங்கள் கம்பனிகளுக்காக ஏற்றுமதி உத்தரவாதம் கொடுத்திருந்தன. இடம்பெயரும் மக்களுக்காகவும் ஹசன்கெய்ப் என்ற பழைய நகருக்காகவும் 153 நிபந்தனை வைத்தார்கள். நிறைவேறவில்லை என்று 2009 ஜூலையில் மூன்று நாடுகளும் சேர்ந்து கையை எடுத்துக்கொண்டன. அப்படி நடந்தது அபூர்வம், எல்லாரும் கொண்டாடினார்கள். துருக்கி உள்நாட்டு வங்கிப் பணத்தில் அணையைக் கட்டி முடித்தது, 2020இல் ஹசன்கெய்ப் தண்ணீருக்குள் போனது. அமெரிக்காவின் ஏற்றுமதி–இறக்குமதி வங்கிச் சட்டத்தையும் பாருங்கள். மனித உரிமை போன்ற காரணத்துக்காக ஒரு விண்ணப்பத்தை மறுக்க வேண்டுமென்றால், அது தேசிய நலனுக்குத் தேவை என்று ஜனாதிபதி மட்டத்தில் தீர்மானம் வர வேண்டும். பெரிய ஆட்களுக்குக் கதவு அவ்வளவு அகலம். மருதமுனைத் தறிக்காரிக்கோ 31 கேள்வி. இந்த ஓரவஞ்சனையை நான் மறைக்கப் போவதில்லை. ஆனாலும் உங்களுக்கு இப்போது வேண்டியது கடன்.

சரி, படிவத்துக்கு வருவோம். காக்காவின் யோசனை ஏன் ஆபத்து என்று ஒரு சம்பவம் சொல்கிறேன்.

பல வருடம் முன்பு மட்டக்களப்பு வாவிப் பக்கம் மீன் பதனிடும் இடம் ஒன்றுக்கு இதே மாதிரிக் கடன். படிவத்தில், தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வாசல் உண்டா என்ற கேள்விக்கு ‘உண்டு’ என்று போட்டிருந்தார் உரிமையாளர். பொய் என்றும் சொல்ல முடியாது, வாசல் இருந்தது. கடன் கொடுத்த நாட்டிலிருந்து ஒரு பெண் வந்தார். முகாமையாளர் அறையில் குளிர்பானம் வைத்தார்கள், தொடவில்லை. நேரே உள்ளே போய் அந்தக் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. வெளிப்பக்கம் உப்பு மூட்டை அடுக்கியிருந்தது, பதினைந்து இருபது மூட்டை. அவர் ஒன்றும் பேசவில்லை, கொப்பியில் ஒரு வரி எழுதினார். பிறகு மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் மலசலகூடம் எங்கே என்று கேட்டார். அந்த அக்கா பதில் சொல்லாமல் உரிமையாளரின் முகத்தைப் பார்த்தார். அதுவும் கொப்பியில் ஏறியிருக்கும். இரண்டாம் தவணைப் பணம் ஏழு மாதம் நின்றது. மூட்டையை நகர்த்த அரை மணி நேரம் போதும். ஏழு மாதம் போனது அந்த ‘உண்டு’க்கு. ஒரு பதில் பொய் என்றால் மற்ற முப்பதையும் யார் நம்புவது?

அதனால் என் ஆலோசனை இதுதான். இல்லாததற்கு ‘இல்லை’ என்று எழுதுங்கள். பக்கத்திலேயே எதை, எப்போது சரிசெய்வீர்கள் என்று எழுதுங்கள். கடன் கொடுப்பவர்கள் இதற்குத் திருத்த நடவடிக்கைத் திட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஒரு பக்கத்துக் கணக்குத்தான். ‘இல்லை’ என்ற பதிலால் கடன் மறுக்கப்படுவது குறைவு. மேலே சொன்ன விலக்குப் பட்டியலில் மாட்டினால் மட்டுமே உடனே கதவடைப்பு.

அதில் உங்களைத் தொடக்கூடியது ஒன்றுதான், பிள்ளைகள் நூல் சுற்றுவது. இதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

இலங்கைச் சட்டத்தில் வேலைக்குச் சேர்க்கக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021 முதல் 16. ஆபத்தான வேலைக்கு 18. நீங்கள் எந்தப் பிள்ளையையும் வேலைக்கு வைக்கவில்லை, தாய்க்குப் பிள்ளை உதவுகிறது என்பீர்கள். உண்மை. என் அம்மாவுக்கு நானும் ஓலை கிழித்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் உங்கள் கூலிக் கொப்பியை எடுத்து ஒருமுறை பாருங்கள். வீட்டில் நெய்பவருக்கு ஒரு மேசைவிரிப்புக்கு இவ்வளவு என்று கொடுக்கிறீர்கள். அந்தத் தொகைக்குள் நூல் சுற்றும் நேரத்துக்குக் காசு இருக்கிறதா? நான் பார்த்த கொப்பிகளில் அநேகமாக இருந்ததில்லை. நெய்யும் நேரத்துக்குத்தான் கணக்கு. சுற்றும் நேரம் காற்றில். தாயே சுற்றினால் நாளொன்றுக்கு ஒரு விரிப்புக் குறையும், அடுப்பில் குறைவது தெரியும். அதனால்தான் பிள்ளை வந்து உட்காருகிறது. அதாவது உங்கள் கூலிக் கணக்கே பிள்ளையைக் கூப்பிடுகிறது. இதை உங்கள் மனதைப் புண்படுத்தச் சொல்லவில்லை. வாப்பா காலத்திலிருந்து வந்த கணக்கு, யாரும் உட்கார்ந்து பிரித்துப் பார்த்ததில்லை.

‘பிள்ளைகளைத் தறிப்பக்கம் விடாதே’ என்று எட்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னால் என்ன நடக்கும்? நீங்கள் வரும் நேரம் பிள்ளை அடுத்த அறைக்குள் போகும். அவ்வளவுதான். கணக்கை மாற்றுங்கள். கொட்டிலில் மோட்டாரில் ஓடும் நூல் சுற்றும் இயந்திரம் ஒன்று போட்டு, வயதுவந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். வீட்டுத் தறிகளுக்குச் சுற்றிய நூலாகவே கொடுங்கள். இயந்திரத்தின் விலையை இதே 60 இலட்சத்துக்குள் சேர்த்துக் கேளுங்கள், இதற்காகத்தான் இந்தக் கடனே என்று வங்கி சந்தோஷப்படும். அதுவரை சுற்றும் வேலைக்குத் தனியாக ஒரு கூலி போடுங்கள், கொப்பியில் தனி வரியாக. படிவத்தில் எழுத வேண்டியது: ‘கொட்டிலில் 18 வயதுக்குக் குறைந்தவர் இல்லை. வீட்டுத் தறிகளில் பிள்ளைகள் பாடசாலை முடிந்து நூல் சுற்றி உதவுவதுண்டு. இன்ன மாதத்திலிருந்து சுற்றிய நூலே வழங்கப்படும்.’ இதை வாசிக்கும் அதிகாரி உங்களை நம்புவார், ஏனென்றால் இப்படி ஒருவரும் எழுதுவதில்லை.

கூலிக் கொப்பி ஒன்று உங்களிடம் இருப்பது போல, நெய்பவர் கையிலும் ஒன்று இருக்கட்டும். திகதி, எத்தனை விரிப்பு, என்ன விலை, கழித்தது எவ்வளவு, ஏன். இரண்டிலும் இருவரும் கையெழுத்து. கொட்டிலில் துண்டுக் கணக்கில் நெய்பவருக்கும் ஊழியர் சேமலாப நிதி உண்டு என்பதை மறக்காதீர்கள். நீங்கள் 12 சதவீதம், அவர் 8. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நீங்கள் இன்னும் 3. கட்டாமல் விட்டிருந்தால் வங்கி கண்டுபிடிக்க முன் தொழில் திணைக்களத்துக்கு நீங்களே போய்ப் பேசித் தவணை கேளுங்கள்.

குறை சொல்ல வழி உண்டா என்ற கேள்விக்கு எல்லாரும் செய்வது, பூட்டுப் போட்ட ஒரு பெட்டியை மாட்டி, சாவியை முதலாளியின் மேசைக்குள் வைப்பது. தயவுசெய்து வேண்டாம். உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், பெண்கள் தயங்காமல் பேசக்கூடியவர், யாராவது இருப்பார். அவரைக் கேளுங்கள். அவருடைய தொலைபேசி இலக்கத்தை எட்டு வீட்டுக்கும் கொடுங்கள். குறை சொன்னதற்காக யாருக்கும் நூல் நிறுத்தப்படாது என்று நீங்களே வாயால் சொல்லுங்கள். நீங்கள் நேரில் சொல்வதைத்தான் அவர்கள் நம்புவார்கள்.

சாயத் தண்ணீர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பித்த பற்றுச்சீட்டே படிவத்துக்கு ஒரு பதில். சாயம் வாங்கும்போது, ஐரோப்பா தடைசெய்த அசோ சாயம் இல்லை என்று கடைக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். அது கடனுக்கு மட்டும் அல்ல, உங்கள் விரிப்பு றொட்டர்டாம் துறைமுகம் தாண்டவும் வேண்டும்.

காணி. இதில் நான் அவசரப்பட மாட்டேன், நீங்களும் படாதீர்கள்.

1991 என்றால் நம் மாவட்டத்தில் யார் எதை என்ன விலைக்கு விற்றார், ஏன் விற்றார் என்பது நம் தலைமுறைக்குத் தெரியும். தமிழர் முஸ்லிம்களிடம், முஸ்லிம்கள் தமிழரிடம், போகிற போக்கில் கைமாறிய காணிகள். வாப்பா நியாயமான விலைதான் கொடுத்திருப்பார், அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பயத்தில் விற்றவர் சம்மதித்து விற்றவர் ஆவாரா என்பதைத்தான் அந்தப் படிவம் கேட்கிறது. ‘இது பதிவுசெய்த உறுதி’ என்று நீட்டினால் முடியும் என்று நினைக்கிறோம். உறுதி சரியாக இருந்தால் சட்டப்படி பெரும்பாலும் பிரச்சினை இல்லை. உறுதி இல்லாமல் கைக்காகிதத்தில் வாங்கி, பத்து வருடத்துக்கு மேல் ஆண்டுவிட்டோம், இனி எங்களுடையது என்று இருந்தால்தான் சிக்கல். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் என்று ஒன்று வந்தது. யுத்தத்தால் தன் காணிக்கு வந்து வழக்குப் போட முடியாமல் போனவருக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அந்தப் பத்து வருடக் கணக்கில் சேராது என்று அது ஒரு வழி வைத்தது. ஆகவே முதலில் உறுதியை எடுத்துக்கொண்டு கல்முனையில் நல்ல நொத்தாரிசு ஒருவரிடம் போங்கள். அப்புறம், முடிந்தால், அந்தக் குடும்பத்தைத் தேடிப் போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். மட்டக்களப்பில்தான் இருப்பார்கள், அல்லது பிள்ளைகளாவது இருப்பார்கள். இது வங்கி கேட்கும் வேலை இல்லை, நான் சொல்லும் வேலை. படிவத்தில் எழுதுங்கள்: எந்த வருடம், யாரிடம், என்ன ஆவணத்தில். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். அந்தக் காணி தெளிவாகும்வரை புதிய தறிகளை அதில் போடுவதாகத் திட்டம் காட்டாதீர்கள், முன்பக்கம் போடுங்கள்.

இனி, நீங்கள் வங்கியிடம் கேட்க வேண்டியவை. படிவம் நிரப்பும் அவசரத்தில் இதை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

கடன் ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதி கேளுங்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தில் கையெழுத்து வைத்துத் தமிழில் அழுதவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். திருத்தத் திட்டத்தில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு திகதியும் ஒப்பந்தத்தில் வாக்குறுதியாக ஏறும். தவறினால் என்ன என்ற பிரிவைத் தேடிப் படியுங்கள். ‘தவறினால் முழுக் கடனையும் உடனே திருப்பிக் கட்ட வேண்டும்’ என்று மட்டும் இருந்தால், சரிசெய்ய 90 நாளாவது அவகாசம் வேண்டும் என்று சேர்க்கச் சொல்லுங்கள். சேர்ப்பார்கள். மூன்று மாதத்தில் முடியும் என்று நினைத்தால் ஆறு மாதம் என்று எழுதுங்கள்.

பணம் உண்மையில் எந்த அபிவிருத்தி வங்கியுடையது என்று பெயர் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எழுத்தில் கேளுங்கள். ஏன் என்றால் இந்த வங்கிகளிடம் முறைப்பாட்டுக் கதவு ஒன்று உண்டு. எஃப்.எம்.ஓ., டி.ஈ.ஜி., புரோபார்கோ மூன்றுக்கும் பொதுவான சுயாதீன முறைப்பாட்டு முறை இருக்கிறது. ஐ.எஃப்.சி.க்கு 1999 முதல் தனிக் குறைகேள் அலுவலகம் இருக்கிறது, எந்த மொழியிலும் எழுதலாம், தமிழிலும். இன்று நீங்கள் கடன் வாங்குபவர். நாளை அதே பணத்தில் உங்கள் ஊர்க்கரையில் ஒரு பெரிய கம்பனி வந்து நின்றால் நீங்கள் முறைப்பாட்டுக்காரர்.

அந்தக் கதவு எவ்வளவு தூரம் திறக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். குஜராத்தில் முந்திரா என்ற இடத்தில் ஐ.எஃப்.சி. பணத்தோடு பெரிய நிலக்கரி மின் நிலையம் ஒன்று வந்தது. சுடுதண்ணீர் கடலுக்குள் போய் மீன்பாடு குறைந்தது என்று மீனவர்கள் முறையிட்டார்கள். ஐ.எஃப்.சி. தன் விதிகளைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று அதன் குறைகேள் அலுவலகமே 2013இல் சொன்னது. பலன் போதவில்லை என்று மீனவர்கள் அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போனார்கள். இப்படியான சர்வதேச நிறுவனங்களுக்கு வழக்கிலிருந்து முழு விலக்கு இல்லை என்று 2019இல் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு. ஆனால் பிறகு கீழ் நீதிமன்றம், சம்பவத்தின் வேர் அமெரிக்காவில் இல்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டது. கல்லணை கடலுக்குள் இறங்கிய பிறகு போராடுவது அவ்வளவு கஷ்டம். பணம் கைமாறும் முன் கேட்கிற ஒரு கேள்வி, பிறகு போடுகிற பத்து வழக்குக்குச் சமம். சாச்சாவிடம் இதையும் சொல்லுங்கள்.

நெதர்லாந்துக்காரரிடமும் ஒரு வார்த்தை. இரண்டு வாரத்தில் நானூறு விரிப்பு வேண்டும் என்று அவர் ஒரு நாள் செய்தி அனுப்புவார், எல்லாரும் அனுப்புகிறார்கள். அன்றிரவு எட்டு வீட்டிலும் விளக்கு அணையாது, பிள்ளையும் திரும்பத் தறியடிக்கு வரும். உங்கள் ஓர் கிழமைக் கொள்ளளவு இவ்வளவுதான் என்று முதல் ஓடரிலேயே எழுதிக் கொடுங்கள், விலையோடு சேர்த்து. நூல் சுற்றும் கூலி கூடியதை விலையில் காட்டுங்கள். அவருடைய நாட்டு அரசாங்கப் பணம் கேட்டதால் கூடிய செலவு அது. அவர் முணுமுணுத்தால் 31 கேள்விப் படிவத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

படிவத்தைக் கொடுக்கும்போது ஒரு பிரதியில் வங்கி முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பின்பக்கக் காணி பற்றி நொத்தாரிசு என்ன சொன்னார் என்று எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.